பெரிய படம், சின்னப் பெட்டி!

உங்கள் வீட்டுப் பீரோவின் மேல்தட்டைக் கொஞ்சம் எட்டிப் பாருங்களேன். பழைய ஆல்பங்களுக்கும், யாரும் உடுத்தாத ஜரிகை வேஷ்டிக்கும் நடுவில், ஒரு சின்ன கறுப்புப் பையில் காம்கார்டர் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கிறதா? பக்கத்தில் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கேஸட்டுகள் நாலைந்து இருக்கின்றனவா? அவற்றின் முதுகில் “தங்கை கல்யாணம்”, “பாப்பாவுக்கு முதல் பிறந்த நாள்” என்று உங்கள் கையெழுத்திலேயே எழுதியிருக்கிறதா?

அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான். அப்படி ஒன்றும் இல்லை என்றால்கூடப் படித்து வையுங்கள். நாத்தனார் வீட்டில் நிச்சயம் இருக்கும்!

எங்கள் வீட்டுக் காமிராவை என் வீட்டுக்காரர் 2007-ம் வருஷம் வாங்கினார். ‘எச்.டி.’ என்ற இரண்டு எழுத்துக்களை அன்று கடைக்காரர் எத்தனை பெருமையோடு உச்சரித்தார் என்பது இன்னும் காதில் இருக்கிறது. மறு வருஷம் தங்கைக்குக் கல்யாணம். கும்பகோணத்திலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் ஒரு வாரம் முன்பே வந்துவிட்டார்கள். பெரியப்பா நல்ல ஆகிருதி. பந்தியில் அவர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “இந்த இலைக்குப் பாயசம்! அங்கே அப்பளம்!” என்று குரல் கொடுத்தபடி நடந்தால், மண்டபத்துத் தூண்கள்கூட ஒதுங்கி வழிவிடும் போலிருக்கும். அத்தனையும் எங்கள் காமிராவில் பதிந்தது.

2011-ல் பெரியப்பா காலமானார். கடைசி ஆறு மாதம் வியாதியில் உடம்பு உருகி, பார்க்கச் சகிக்காமல் போய்விட்டது.

சமீபத்தில் ஒரு நாள் பெரியம்மா டெலிபோனில் கேட்டாள்: “ஏம்மா, உன் தங்கை கல்யாணப் படத்துலே உங்க பெரியப்பா பந்தி விசாரிக்கிறது இருக்காமே? எனக்கு ஒரு தடவை பார்க்கணும்.”

இதைவிடச் சின்ன ஆசை ஒருவருக்கு இருக்க முடியுமா? ஆனால் பெரியம்மா வீட்டில் இருப்பது பழைய பருமனான குழாய் டெலிவிஷன். கூடவே ஒரு டி.வி.டி. பெட்டி. “புதுசு வாங்கித் தருகிறோம்” என்றால், “இது நன்றாகத்தானே ஓடுகிறது?” என்பாள். ஆகவே எச்.டி. படத்தை அவளுடைய பெட்டிக்குத் தக்கபடி, ‘ஸ்டாண்டர்டு டெஃபனிஷன்’ என்னும் பழைய அளவுக்குச் சுருக்கியாக வேண்டும். ஒரு கடையில் கேஸட்டைக் கொடுத்தேன். இரண்டே நாளில் பளபளவென்று ஒரு தட்டு வந்தது. நான் போட்டுக்கூடப் பார்க்காமல் கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டேன். அதுதான் நான் செய்த பிசகு.

நாலு நாள் கழித்துப் பெரியம்மா பேசினாள். குரல் கம்மியிருந்தது.

“பார்த்தேம்மா... ஏன், அப்பவே அவர் இப்படி இளைச்சுப் போயிட்டாரா? நான் கவனிக்கவே இல்லையே!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தட்டின் நகல் ஒன்று என்னிடம் இருந்தது. அண்ணன் வீட்டுப் பரணில் கிடந்த பழைய டெலிவிஷனில் அதைப் போட்டுப் பார்த்தேன். கண்ணராவி! கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும் ஒட்டடைக் குச்சிகளாக நின்றார்கள். யாராவது கையை அசைத்தால் விரல்களின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடு கோடாய்ப் பிரிந்தது. தங்கையின் கூறைப்புடவை ஜரிகை, எறும்புகள் ஊர்வதுபோல் மினுமினுவென்று துடித்தது. பெரியப்பா தூணோடு தூணாக மெலிந்து போயிருந்தார்.

படம் பொய் சொல்லுமா என்பார்கள். சொல்கிறது, நேயர்களே! அளவு தப்பினால் படம் துணிந்து பொய் சொல்கிறது. அந்தப் பொய்யை நம்பி ஒரு மனுஷி நாலு நாளாகத் தன்னையே நொந்துகொண்டிருந்தாள்.

அண்ணன் மகன் கம்ப்யூட்டர் படித்தவன். தட்டையும் கேஸட்டையும் அவன் முன்னால் போட்டு, “இது ஏன் இப்படி ஆச்சு? எனக்குப் புரியும்படி சொல்லு” என்றேன். அவன் சொன்னதை என் சமையலறைப் பாஷையில் உங்களுக்குச் சொல்கிறேன்.

புள்ளிக் கோலமும் படமும்

டெலிவிஷன் படம் என்பது ஒரு புள்ளிக் கோலம். புது ரக எச்.டி. படத்தில் குறுக்கே 1920 புள்ளி; மேலிருந்து கீழே 1080 வரிசை. மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரத்துச் சொச்சம். நம் நாட்டுப் பழைய டெலிவிஷன் முறைக்குப் ‘பால்’ என்று பெயர். (காப்பிக்கு ஊற்றும் பால் அல்ல!) அந்த முறைத் தட்டில் குறுக்கே 720 புள்ளி, கீழே 576 வரிசை. மொத்தம் 4 லட்சத்து 14 ஆயிரத்துச் சொச்சம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சரியாக ஐந்தில் ஒரு பங்கு!

எங்கள் காமிரா ‘எச்.டி.வி.’ என்ற ரகம். 2003-ல் அறிமுகமான முறை அது. பழைய சின்ன டி.வி. கேஸட்டிலேயே எச்.டி. படத்தைப் பதிந்து விடும். அதில் குறுக்கே 1440 புள்ளிதான். காட்டும்போது ஒவ்வொரு புள்ளியையும் அகலத்தில் இழுத்து 1920 ஆக்கிக்கொள்ளும். 2006-ல் ‘ஏ.வி.சி.எச்.டி.’ என்ற இன்னொரு முறை வந்தது. கேஸட் போய், கார்டும் டிஸ்க்கும் வந்தன. உங்கள் காமிரா எந்த ரகம் என்று அதன் வயிற்றிலேயே அச்சடித்திருக்கும்.

மார்கழியில் தெருவை அடைத்துப் போடும் கோலத்தை, ஃபிளாட் வாசற்படியில் போடவேண்டுமென்றால் என்ன செய்வீர்கள்? ஐந்து புள்ளிக்கு நாலு புள்ளியை அழித்துவிட்டால் கோலம் ஆகுமா? கம்பி அறுந்து அலங்கோலம் ஆகும். அக்கம்பக்கத்துப் புள்ளிகளை எல்லாம் கலந்து, சராசரி நிறம் பார்த்து, புதுப் புள்ளி வைக்க வேண்டும். நல்ல சாதனங்கள் அப்படித்தான் செய்கின்றன. அவசரக்காரச் சாதனங்கள் புள்ளியை அப்படியே தள்ளிவிடுகின்றன. ஜரிகையும், கட்டம் போட்ட சட்டையும், ஜன்னல் கம்பியும் துடிப்பதற்கு இது ஒரு காரணம். சுருக்குவதற்கு முன் படத்தை ஒரு துளி மென்மையாக்கிவிட்டால் அந்தத் துடிப்பு அடங்கிவிடும். ஒரு துளிதான், அதிகம் போனால் படம் மங்கிவிடும், ரசத்தில் வெந்நீர் விட்ட மாதிரி.

சீப்புப் பல் எங்கிருந்து வந்தது?

இதுதான் விஷயத்தில் வெகு ஸ்வாரஸ்யமான இடம். இந்தக் காமிராக்கள் பெரும்பாலும் ஒரு முழுக் கோலத்தை ஒரே மூச்சில் போடுவதில்லை. முதலில் 1, 3, 5 என்று ஒற்றை வரிசைகளைப் போடும்; பிறகு 2, 4, 6 என்று இரட்டை வரிசைகளைப் போடும். வினாடிக்கு 50 அரைக் கோலங்கள். இரண்டு அரையும் சேர்ந்தால் ஒரு முழுப் படம். ஆக வினாடிக்கு 25 படம்.

முதல் அரை போட்டதற்கும் அடுத்த அரை போடுவதற்கும் இடையே, வினாடியில் 50-ல் ஒரு பங்கு நேரம் ஓடியிருக்கும். அதற்குள் பெரியப்பாவின் கை சற்று நகர்ந்திருக்குமல்லவா? இரண்டு அரையையும் ஒன்றாக்கி நிறுத்திப் பார்த்தால், நகர்ந்த கை சீப்புப் பல்லாகத் தெரியும். பழைய குழாய்ப் பெட்டியும் அரை அரையாகவே காட்டுவதால் அங்கே அது சாதாரணமாகக் கண்ணில் படாது. ஆனால் 1080 வரிசையை 576 வரிசையாகச் சுருக்கும்போது, ஒற்றை இரட்டை பார்க்காமல் ஒன்றாகக் கலந்துவிட்டால் தீர்ந்தது. சாதத்தையும் உமியையும் கலந்த மாதிரி. பிறகு பிரிக்கவே முடியாது. கடையில் நடந்தது இதுதான்.

சரியான முறை என்ன? ஒவ்வோர் அரையையும் தனித்தனியே முழுப் படமாகப் பூர்த்தி செய்துகொள்ள வேண்டும். இதற்கு ‘டீஇன்டர்லேஸ்’ என்று பெயர். அப்படி வினாடிக்கு 50 முழுப் படம் கிடைக்கும். அவற்றைச் சுருக்கி, மறுபடி ஒற்றை, இரட்டை என்று பிரித்து அடுக்க வேண்டும். பெரியம்மாவின் பெட்டிக்கு இதுவே உத்தமம். ஃபோனில் பார்ப்பதற்கானால் கடைசிப் பிரிப்பு வேண்டாம்; 50 முழுப் படமாகவே விட்டுவிடலாம்.

இன்னொரு சின்ன சங்கதி. எச்.டி. காமிராவில் மேல் வரிசை அரை முதலில் வரும். பழைய டி.வி. கேஸட் முறையில் கீழ் வரிசை அரை முதலில் வரும். டி.வி.டி. தட்டு இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். எது முதல் என்று சரியாகச் சொன்னால் போதும். மாற்றிச் சொன்னாலோ, மணப்பெண் இரண்டடி முன்னே வைத்து ஓரடி பின்னே வைத்து, நடுங்கிக்கொண்டே மணமேடைக்கு வருவாள்!

ஒட்டடைக் குச்சி ரகசியம்

பெரியம்மாவை அழவைத்த குற்றவாளி இவர்தான். எச்.டி. படம் 16-க்கு 9 என்ற விகிதத்தில் அகலமானது. பழைய பெட்டி 4-க்கு 3. அகலப் பாயைச் சின்ன அறையில் விரிக்க மூன்று வழி உண்டு.

முதலாவது, இரண்டு ஓரத்தையும் வெட்டிவிடுவது. திரை நிறையத் தெரியும்; ஆனால் ஓரத்தில் நின்ற சித்தியும் சித்தப்பாவும் போய்விடுவார்கள். அப்புறம் குடும்பத்தில் சண்டை!

இரண்டாவது, முழுப் படத்தையும் சிறிதாக்கி, மேலும் கீழும் கறுப்புப் பட்டை விடுவது. யாரும் விட்டுப்போகமாட்டார்கள்; உருவமும் மாறாது.

மூன்றாவது, படத்தைப் பக்கவாட்டில் நெருக்கி 720 புள்ளிக்குள் அடைத்து, “இது அகலப் படம், காட்டும்போது பார்த்துக் காட்டு” என்று தட்டில் ஒரு குறிப்பும் சேர்ப்பது. இதுதான் தரத்தில் சிறந்தது. டி.வி.டி. பெட்டி அந்தக் குறிப்பைப் பார்த்து, அகலத் திரையானால் விரித்துக் காட்டும். பழைய திரையானால் கறுப்புப் பட்டை போட்டுக் காட்டும்.

எங்கள் தட்டில் படத்தை நெருக்கியிருந்தார்கள். குறிப்பைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான்! அந்த ஒரு மறதியில் ஒரு கல்யாணமே இளைத்துப் போயிற்று. தட்டு சரியாக இருந்தும் உங்கள் வீட்டில் ஆட்கள் மெலிந்து தெரிந்தால், டி.வி.டி. பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் டெலிவிஷன் ரகம் ‘4:3 லெட்டர்பாக்ஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘16:9’ என்று இருந்தால் அதுதான் வினை.

நிறத்தையும் கவனிக்க வேண்டும். எச்.டி.க்கு ஒரு வர்ணக் கணக்கு. பழைய முறைக்கு வேறொரு வர்ணக் கணக்கு. முன்னதற்கு ‘709’, பின்னதற்கு ‘601’ என்று நிபுணர்கள் எண் வைத்திருக்கிறார்கள். சுருக்கும்போது கணக்கையும் மாற்றாவிட்டால் சிவப்பும் பச்சையும் லேசாக நிறம் மாறும். கூறைப்புடவையின் அரக்கு எது என்று பெண்களுக்குச் சொல்லித் தரவேண்டுமா? நாம் உடனே கண்டுபிடித்துவிடுவோமே!

வீட்டிலேயே செய்ய இரண்டு வழி

முதல் வழி, காமிராவையே சுருக்கச் சொல்வது. எச்.டி.வி. கேஸட் காமிராக்களில் பலவற்றில் இந்தச் சாமர்த்தியம் உண்டு. ‘ஐ-லிங்க்’ அல்லது ‘ஃபயர்வயர்’ என்ற கம்பி வழியாகப் படம் வெளியே போகும்போதே பழைய டி.வி. அளவுக்கு மாற்றி அனுப்பிவிடும். மெனுவில் அந்த மாற்றத்தை முதலில் அமைத்துக்கொண்டு, பிறகு கம்பியைச் செருக வேண்டும். ஒரு மணி கேஸட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். சாம்பார் வைத்து, பொரியலும் முடித்துவிடலாம். வரிசை, நிறம் எல்லாவற்றையும் காமிராவே பார்த்துக்கொள்ளும். இன்றையக் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலானவற்றில் அந்தக் கம்பிக்கு வாய் இல்லை என்பதுதான் கஷ்டம். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று தலை உள்ள கம்பியும் உண்டு. அதைப் பழைய டெலிவிஷனில் நேரே செருகினால், சுருக்கிய படம் அப்பொழுதே தெரியும். ஒரு தடவை பார்க்க மட்டும் அது போதும்.

இரண்டாவது வழி, எச்.டி. படத்தை அப்படியே கம்ப்யூட்டரில் இறக்கிக்கொண்டு, அங்கே சுருக்குவது. ஒரு மணி நேர எச்.டி.வி. கேஸட் சுமார் 11 ஜிகாபைட் இடம் பிடிக்கும். கார்டு காமிராவானால் ஒரு எச்சரிக்கை: தனித்தனிக் கோப்பாகப் பொறுக்காமல், முழு ஃபோல்டரையும் அப்படியே நகல் எடுங்கள். நீண்ட காட்சியைக் காமிரா தானே துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கும். பொறுக்கி எடுத்தால் ஒட்டும் இடத்தில் பேச்சு விட்டுப்போகலாம்.

சுருக்குவதற்கு ‘ஹேண்ட்பிரேக்’, ‘எஃப்.எஃப்.எம்பெக்’ என்று இலவசச் சாதனங்கள் இருக்கின்றன. முன்னது பழகச் சுலபம். ஃபோனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஏற்ற கோப்பைத் தரும், டி.வி.டி. தட்டுக்கான கோப்பைத் தராது. பின்னது எல்லாம் செய்யும். ஆனால் கட்டளைகளைத் தட்டெழுத்தில் அடிக்க வேண்டும். வீட்டில் ஒரு மருமானோ மருமகளோ இருந்தால் அவர்கள் தலையில் கட்டிவிடுங்கள்.

தட்டின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். ஒரு மணி நேரப் படம் தாராளமாக உட்காரும். இரண்டு மணி சுமாராக உட்காரும். மூன்று மணியைத் திணித்தால், தீபாவளி ரயில் பெட்டி கதிதான். முகமெல்லாம் கட்டம் கட்டமாகிவிடும். அமெரிக்காவில் இருக்கும் உறவினருக்குத் தட்டு அனுப்புவதானால் அங்குள்ள முறை வேறு: 480 வரிசை, வினாடிக்கு ஏறக்குறைய 30 படம். அவர்களுக்குத் தட்டைவிட, எச்.டி. கோப்பையே அனுப்புவது மேல்.

நெய் மறுபடி வெண்ணெய் ஆகுமா?

இப்பொழுது மிக மிக முக்கியமான விஷயம். சுருக்கியது நகல்தான், மூலத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள்!

எதிர்வீட்டு மாமி 2009-ல் பேரனின் முதல் பிறந்த நாளை எச்.டி.யில் எடுத்தாள். தட்டு போட்டாயிற்றே என்று கார்டைத் துடைத்துவிட்டு நவராத்திரி கொலுவை எடுத்தாள். இன்று அவள் வீட்டுக் கூடத்தில் சுவர் அகலத்துக்கு டெலிவிஷன். அதில் அந்தத் தட்டைப் போட்டால் பேரன் முகம் பனிமூட்டத்தில் தெரிகிறது. ஐந்தில் நாலு பங்கு புள்ளி போனது போனதுதான். எந்தச் சாதனமாவது முகத்தைக் கூர்மையாக்கித் தந்தாலும் அது ஊகித்துப் போடும் கோலமே தவிர, அன்று வைத்த புள்ளி அல்ல.

ஆகவே மூலத்தை இரண்டு நகல் எடுத்து, இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ. கேஸட்டுக்கு ஈரமும் பூஞ்சையும் சத்துரு. எழுதும் தட்டுக்கு வெயில் சத்துரு. கேஸட் காமிராக்கள் தயாராவது நின்று பல வருஷங்கள் ஆகிவிட்டன. உங்கள் காமிரா ஓடுகிற வரையில்தான் உங்கள் கேஸட் பேசும். கேஸட் நன்றாக இருந்து, அதை ஓட்டக் காமிரா இல்லாமல் போனால், பூட்டு இருந்து சாவி தொலைந்த கதைதான்.

மறுபடியும் பெரியம்மா

அண்ணன் மகன் எங்கிருந்தோ அந்தக் கம்பிக்கு வாய் உள்ள பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தான். காமிராவுக்கு முதலில் உயிர் வரவில்லை. புது பாட்டரி போட்டதும் முணுமுணுத்துக்கொண்டு சுழன்றது. முதல் காரியமாக எச்.டி. மூலத்தை இரண்டு நகல் எடுத்தோம். பிறகு மேலே சொன்ன முறைப்படி சுருக்கி, 16-க்கு 9 என்ற குறிப்பை மறக்காமல் சேர்த்து, தட்டு போட்டோம். இந்தத் தடவை பரணிலிருந்து இறக்கிய பழைய டெலிவிஷனில், முதலிலிருந்து கடைசி வரை நானே உட்கார்ந்து பார்த்தேன்.

தட்டைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. கும்பகோணத்துக்கு நானே கொண்டுபோனேன். பெரியம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முகூர்த்தம், ஊஞ்சல் எல்லாம் ஆயிற்று. பந்தி வந்தது. மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முழு ஆகிருதியோடு, இலை இலையாகக் குனிந்து விசாரித்தபடி பெரியப்பா நடந்து வந்தார்.

பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, “இதுதாம்மா உங்க பெரியப்பா” என்றாள். “அன்னிக்கு நன்னாத்தான் இருந்திருக்கார்.”

பிறகு, “அந்த இடத்தை இன்னொரு தடவை போடு” என்றாள். போட்டேன். ஐந்து தடவை போட்டேன்.

சகோதரிகளே! வருகிற ஞாயிற்றுக்கிழமை பீரோவின் மேல்தட்டிலிருந்து அந்தக் கறுப்புப் பையைக் கீழே இறக்குங்கள். உங்களுக்கும் ஒரு பெரியம்மா இருப்பாள். அவளிடமும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும்.